முழங்கால் உள்சவ்வில் படியும் இரும்பு: எம்.ஆர்.ஐ. அதை எப்போது காட்டும், எப்போது கோட்டைவிடும்

முழங்காலில் "சவ்வு" என்று நம் பேச்சில் சொல்வது ஒரே பொருளை அல்ல. பந்தாடும்போது கால் திருகி "ஜவ்வு கிழிஞ்சுபோச்சு" என்றால் அது மினிஸ்கஸ் என்னும் பிறைவடிவத் தகடாக இருக்கலாம், எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநாராகவும் இருக்கலாம். வயதான ஆயாவுக்கு "ஜவ்வு தேய்ஞ்சுபோச்சு" என்றால் அது எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்பு. இங்கே பேசப்போவது வீட்டில் யாரும் பேர் சொல்லாத நான்காவது ஒன்றை: மூட்டுப் பையின் உட்புறத்தை வழித்துப் பூசியதுபோல் மூடியிருக்கும் சைனோவியம். நல்ல முழங்காலில் அது ஓரிரண்டு செல் கனம்தான். மூட்டுக்கு வேண்டிய சில மில்லி வழுக்குநீரைச் சுரந்துவிட்டுச் சும்மா கிடக்கும். நோய் வந்தால் அதுவே தடித்து, விரல்விரலாக வளர்ந்து, மூட்டை நீரால் நிரப்பும்.

இந்த உள்சவ்வு நோய்களில் எம்.ஆர்.ஐ.க்கென்றே பிறந்ததுபோன்ற ஒன்று உண்டு. ஜாஃபே, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ என்ற மூவர் 1941இல் அதற்கு வைத்த நீண்ட பெயரின் சுருக்கம்தான் மருத்துவமனைகளில் இன்றும் வழங்கும் பி.வி.என்.எஸ். நிறமேறி, விரல்களும் முடிச்சுகளுமாக வளரும் சவ்வழற்சி என்பது அதன் பொருள். பின்னர்தான் அது வெறும் அழற்சி அல்ல, ஒரு கட்டி என்று தெரிந்தது. சிஎஸ்எஃப்1 என்ற மரபணு இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் சில செல்கள் ஓயாமல் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன; அந்த அழைப்பைக் கேட்டு மேக்ரோபேஜ் என்ற, கழிவை விழுங்கும் செல்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. கட்டியில் பெரும்பகுதி இப்படி வந்து சேர்ந்த கூட்டம்தான். அதனால் இப்போதைய பெயர் டெனோசைனோவியல் ஜயன்ட் செல் டியூமர். கட்டி என்ற சொல்லைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம்: இது புற்றுநோய் அல்ல, உடலெங்கும் பரவுவது அரிதினும் அரிது. ஆனால் இருக்கும் இடத்தை விடாப்பிடியாகத் தின்னும். பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள், ஒரே ஒரு மூட்டில் வரும். பெரிய மூட்டுகளில் முழங்காலுக்குத்தான் முதலிடம்.

இதில் இரண்டு வகை. ஒரே உருண்டையாக, பெரும்பாலும் முழங்காலின் முன்பக்கக் கொழுப்புத் திண்டை ஒட்டி வளர்வது ஒன்று. மூட்டு முழுவதையும் போர்த்திப் பின்பக்கக் குழிவரை போவது மற்றது. முதல் வகை சிகிச்சைக்குச் சுலபமாகப் படியும். இரண்டாவது படியாது.

விரல்போன்ற அந்த வளர்ச்சிகள் தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் இடையில் நசுங்கி இரத்தம் கசியும். கசிந்த சிவப்பணுக்களை மேக்ரோபேஜ்கள் விழுங்கிவிடும். அவற்றின் இரும்பு மட்டும் ஹீமோசிடரின் என்ற துருநிறப் பொருளாகச் சவ்விலேயே தங்கிவிடும். மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்தால் அது இரத்தம் கலந்தோ, பழுப்பாகக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகுபோலவோ வருவது இதனால்தான். எம்.ஆர்.ஐ. தேடுவதும் இந்த இரும்பைத்தான்.

சாதாரண அழற்சியில் தடித்த சவ்வு, நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 வகைப் படங்களில் வெளுத்துத் தெரியும், நீரும் வெளுத்துத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே பாடு. இரும்பு படிந்த சவ்வு அப்படி அல்ல. வெள்ளைவெளேரென்ற நீருக்குள் ஆலம்விழுதுபோல் கறுத்த விரல்கள் தொங்கும். நீரைக் கறுப்பாகக் காட்டும் டி1 வகைப் படத்திலும் கறுப்பு அல்லது மங்கல், டி2 படத்திலும் அப்படியே. இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை உள்ளூர ஒழுங்கு குலைப்பதால் பக்கத்திலுள்ள நீர் அணுக்களின் சிக்னல் சட்டென்று அவிந்துபோகிறது. கிரேடியன்ட் எக்கோ என்ற வகைப் படத்தில் இந்தக் குலைவு திருத்தப்படுவதே இல்லை. எனவே அங்கே கறுப்பு இன்னும் கறுத்து, தன் உண்மை அளவைவிடப் பருத்துத் தெரியும். ரேடியாலஜி அறையில் இதை "புளூமிங்" என்பார்கள். மை ஒற்றித்தாளில் பரவுவதுபோல.

பல முழங்கால் படங்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். வழக்கமான முழங்கால் ஸ்கேன் மினிஸ்கஸையும் தசைநாரையும் குறிவைத்து அமைத்தது. மூன்று திசையிலும் கொழுப்பின் வெளுப்பை அடக்கிய பி.டி. என்ற வகைப் படங்கள், ஒரு டி1, அவ்வளவுதான். அந்த பி.டி. படங்கள் எல்லாம் ஃபாஸ்ட் ஸ்பின் எக்கோ முறையில் எடுப்பவை. அந்த முறை 180 டிகிரி ரேடியோ துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்து, காந்தப்புலக் குலைவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டே போகும். இரும்பின் அடையாளமே அந்தக் குலைவுதான். அதை மெனக்கெட்டு அழித்துவிட்டு இரும்பைத் தேடுகிறோம். இரும்பு ஏராளமாக இருந்தால் அப்போதும் தெரியும். கொஞ்சமாக இருந்தால் "மிதமான நீர்க்கோப்பு, சவ்வு சற்றுத் தடிப்பு" என்ற ஒரு வரியோடு அறிக்கை முடிந்துவிடும். நோயாளிக்குத் தைலமும் மாத்திரையும் கிடைக்கும். கட்டிக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும்.

தீர்வு கூடுதலாகச் சில நிமிடங்கள்தான்: பக்கவாட்டுத் திசையில் ஒரு டி2 ஸ்டார் கிரேடியன்ட் எக்கோ. 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) இயந்திரத்தில் எக்கோ நேரம், அதாவது சிக்னலைப் பதியும்வரை காத்திருக்கும் நேரம், 15 முதல் 20 மில்லிசெகண்ட், சாய்கோணம் 20 முதல் 30 டிகிரி, வெட்டு கனம் 3 முதல் 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் போதும். எக்கோ நேரத்தை 5 மில்லிசெகண்டாகக் குறைத்துவிட்டு "கிரேடியன்ட் எக்கோ எடுத்தாயிற்று" என்று கணக்குக் காட்டினால் பயனில்லை; கறுப்புப் பரவுவதற்கு நேரம் வேண்டும். 3 டெஸ்லாவில் அதே எக்கோ நேரத்துக்குப் பரவல் கூடும்.

இந்தப் படம் தானாக எடுக்கப்படாது. விண்ணப்பப் படிவத்தில் டாக்டர் என்ன எழுதுகிறாரோ அதற்கேற்ற புரோட்டோகாலைத்தான் ரேடியோகிராஃபர் போடுவார். "முழங்கால் வலி, மினிஸ்கஸ் கிழிவா?" என்று எழுதினால் மினிஸ்கஸுக்கான படங்கள் வரும். "ஆறு மாதமாக வீங்கி வற்றும் வலது முழங்கால், அடிபடவில்லை, எடுத்த நீர் பழுப்பு நிறம், சைனோவியல் நோயா? கிரேடியன்ட் எக்கோ சேர்க்கவும்" என்று எழுதினால் தேவையான படம் வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்அனுமதி வாங்கும்போது, அது ஏன் தேவை என்று டாக்டர் எழுதும் மோட்டிவேஷன் கடிதத்திலும் இதே வரிகள் இருக்கட்டும். பி.வி.என்.எஸ்.ஸுக்கு ஐ.சி.டி.-10 என்ற நோய்ப் பட்டியலில் குறியீடு எம்12.2. அரசு வழியில் போகிறவர்கள் பக்கத்து கிளினிக், அங்கிருந்து சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் போன்ற மருத்துவமனை, அங்கிருந்து இன்கோசி ஆல்பர்ட் லுதூலி போன்ற உயர்நிலை மருத்துவமனை என்று படிப்படியாக ஏறுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் புதிய கடிதம் எழுதப்படும். "பழுப்பு நீர்" என்ற இரண்டு சொல் வழியில் எங்காவது உதிர்ந்துவிடும். அந்த இரண்டு சொல்லை நோயாளியே நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்வது நல்லது.

எம்.ஆர்.ஐ.க்கு முன் சாதாரண எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் சுண்ணாம்புப் பொட்டுகள் தெரிந்தால் பி.வி.என்.எஸ். என்ற எண்ணத்தைப் பெரும்பாலும் கைவிடலாம். அது சைனோவியல் கான்ட்ரோமடோசிஸ் பக்கம், அதாவது சவ்வு குருத்தெலும்புக் குண்டுமணிகளைப் பிறப்பிக்கும் நோயின் பக்கம் கைகாட்டும். எம்.ஆர்.ஐ.யில் சுண்ணாம்பும் கறுப்பு, இரும்பும் கறுப்பு. எக்ஸ்ரே கையில் இல்லாமல் எம்.ஆர்.ஐ. படிப்பவர் இந்த இரண்டில் தடுமாறுவது இயல்பு.

ஸ்கேன் நாளில் கவனிக்க வேண்டியவை சில. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும்; "இன்னும் ஸ்கேன் தொடங்கவில்லையே" என்று எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் இருக்கிறார்கள். தங்கத்தை காந்தம் இழுக்காது. ஆனால் சரட்டில் கோத்துவைத்திருக்கும் ஊக்கு இரும்பு, அதை இழுக்கும். புடவை ஊசியும் அப்படித்தான். முதல் நாளே ஊக்கை எடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு போனால் வாசலில் சங்கடம் இருக்காது. தைப்பூசத்துக்கும் சித்திரைக் காவடிக்கும் அலகும் கொக்கியும் குத்திக்கொண்டவர்கள் அதைப் படிவத்தில் சொல்ல வேண்டும். தோலுக்குள் முறிந்த துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய் கிளிப், கண்ணில் தெறித்த இரும்புத்தூள், உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டு எதையும் மறைக்கக் கூடாது. முழங்கால் படத்துக்குக் கால் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும் என்பதால் மூடிய இடத்துக்குப் பயப்படுகிறவர்களும் தாங்கிக்கொள்வார்கள். காயில் என்ற உறையில் முழங்காலை வைத்து, இருபுறமும் பஞ்சுத்திண்டு செருகி, 30 முதல் 40 நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

காவடியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வெறுங்காலோடு வெயிலில் நடந்துவிட்டு வந்த மறுநாள் முழங்கால் வீங்கினால் யாரும் களைப்பு என்றே நினைப்பார்கள். இரண்டு வாரத்தில் வற்றியும் போகும். இந்த நோயின் குணமே அதுதான்: வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். வலி பெரிதாக இராது, காய்ச்சல் வராது. அடிபடாத ஒரே மூட்டு மூன்றாவது முறை வீங்கினால் அதைக் களைப்பின் கணக்கில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும்.

படம் எடுக்கும்போது நேரும் பிழைகளில் இந்த நோய்க்கென்றே உரியது பரப்புப் பிழை. முழங்காலுக்கு வழக்கமான படப்பரப்பு 14 முதல் 16 சென்டிமீட்டர். மூட்டுக்கோட்டை நடுவில் வைத்தால் மேலே 7 அல்லது 8 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். ஆனால் முழங்கால் சில்லுக்கு மேலே தொடையை ஒட்டி ஏறும் மூட்டுப் பை வீக்கத்தில் அதைத் தாண்டிப்போகும். பின்பக்கம் பேக்கர் நீர்ப்பை கீழே கெண்டைக்கால் சதைவரை இறங்கும். நோய் இந்த இரண்டு மூலையிலும் ஒளிந்திருக்கும். பரப்பை 18 அல்லது 20 சென்டிமீட்டராகக் கூட்டியோ, மேலும் கீழுமாக ஒரு படத்தைச் சேர்த்தோ முழுப் பையையும் பிடிக்காவிட்டால், அறுவை மருத்துவர் பாதி வரைபடத்தோடு உள்ளே போவார்.

போலிக் கறுப்புகளும் உண்டு. முன்பு ஆர்த்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியே கருவி நுழைத்துச் செய்யும் சிகிச்சை, செய்த மூட்டில் கருவியிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத உலோகத்தூள் கிரேடியன்ட் எக்கோவில் பெரிய கறுப்புப் பொட்டாக மலரும். மூட்டுக்குள் சேரும் வாயுக் குமிழும் அப்படியே. வாயு மேலே மிதக்கும், உலோகத்தூள் கருவி நுழைந்த பாதையில் கிடக்கும், இரும்பு படிந்த சவ்வு சுவரை ஒட்டி இலைபோல் படரும். எங்கே இருக்கிறது என்பதே எது என்பதைச் சொல்லிவிடும். பக்கவாட்டுப் படத்தில் முழங்கால் பின்புறத் தமனியின் துடிப்பு மூட்டின்மேல் கோடு கோடாக விழுவதும் உண்டு. இத்தகைய கோடுகள் விழும் திசையான ஃபேஸ் திசையை முன்பின்னாக வைக்காமல் மேல்கீழாகத் திருப்பினால் அது விலகிப்போகும்.

படத்தில் சவ்வை ஒளிரச் செய்ய ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து எல்லோருக்கும் வேண்டியதில்லை. கறுத்த விழுதும் புளூமிங்கும் தெளிவாக இருந்தால் அது புதிதாக ஒன்றும் சேர்க்காது. சந்தேகம் இருந்தால், குறிப்பாகத் தொற்று என்ற ஐயம் இருந்தால் வேண்டும். அளவு, எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 70 கிலோ உள்ளவருக்கு, மில்லிக்கு 0.5 மில்லிமோல் செறிவுள்ள மருந்தானால் 14 மில்லி, 1 மில்லிமோல் செறிவானால் 7 மில்லி. ஊசி போட்டபின் காலம் தாழ்த்தக் கூடாது. முதல் சில நிமிடங்களில் எடுக்கும் டி1 படத்தில் சவ்வு மட்டும் ஒளிரும், நீர் கறுப்பாகவே இருக்கும். பத்து நிமிடம் தாண்டினால் அந்த மருந்திலுள்ள காடோலினியம் நீருக்குள்ளும் கசிந்து, சவ்வு எது நீர் எது என்ற எல்லை கரைந்துபோகும். நீண்டநாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறுநீரகக் கணக்கான ஈ.ஜி.எஃப்.ஆர். முடிவோடு போவது நல்லது. 30க்குக் கீழே இருந்தால் மருந்து உண்மையிலேயே தேவையா, எந்த வகை மருந்து என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பார்கள்.

இனி, தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: காசநோய். காசநோய் மிகுந்த 30 நாடுகளின் உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் இந்நாடும் ஒன்று. நுரையீரலைத் தொடாமலே, இருமல் சிறிதும் இல்லாமலே அது ஒற்றை முழங்காலில் வந்து உட்காரும். அதுவும் மெதுவாக வீங்கும், அதிகம் வலிக்காது. எம்.ஆர்.ஐ.யில் காசநோய்ச் சவ்வும் டி2 படத்தில் மங்கலாக, சில இடங்களில் கறுத்தே தெரியலாம். ஐரோப்பியப் பாடநூலில் படித்த கண் "மங்கல் சவ்வு, ஒற்றை மூட்டு, நடுவயது" என்றவுடன் பி.வி.என்.எஸ். என்று எழுதத் துடிக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருந்து வரும் முழங்காலுக்கு அந்த அவசரம் ஆகாது.

பிரித்தறியக் குறிப்புகள் உண்டு. காசநோய்ச் சவ்வில் இரும்பு அதிகம் இராது. கிரேடியன்ட் எக்கோவில் கறுப்பு மலராமல் அப்படியே நிற்கும். கான்ட்ராஸ்ட் கொடுத்தால் மூட்டைச் சுற்றிய சதையில் ஓரம் மட்டும் ஒளிரும் சீழ்க்கட்டிகள் தெரியலாம். மூட்டு நீருக்குள் அரிசிபோன்ற சிறு மணிகள் மிதக்கலாம். அவற்றை ரைஸ் பாடி என்றே சொல்வார்கள். எலும்பின் உட்சோறு அகலமாக வீங்கியிருக்கும். எக்ஸ்ரேயில் மூட்டையொட்டிய எலும்பு அடர்த்தி குறைந்து வெளிறி, ஓரம் அரித்து, இடைவெளி மெல்லக் குறைந்திருக்கும். பி.வி.என்.எஸ்.ஸில் எலும்பு பொதுவாக வெளிறாது, இடைவெளியும் கடைசிக் கட்டம்வரை காக்கப்படும். முழங்கால் பை விசாலமானது. கட்டிக்கு வளர இடம் இருப்பதால், இடுப்பு மூட்டில் போல் சீக்கிரமாக எலும்பை அரிக்க வேண்டிய நெருக்கடி அங்கே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹீமோஃபிலியாவிலும் சவ்வில் இரும்பு படியும், படமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது சிறுவயதிலிருந்தே, ஆண் பிள்ளைகளுக்கு, பல மூட்டுகளில் வரும், குருத்தெலும்பைச் சீக்கிரம் அழிக்கும். லைப்போமா ஆர்போரசென்ஸ் என்ற கொழுப்பு விழுது, கொழுப்பை அடக்கிய படத்தில் தோல்கீழ்க் கொழுப்போடு சேர்ந்து அணைந்துபோகும்; ஒரே பார்வையில் முடிவுகட்டலாம். முடக்குவாதச் சவ்வு பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், இரத்தப் பரிசோதனை துணைநிற்கும்.

குறிப்புகள் எத்தனை இருந்தாலும் இந்நாட்டில் படத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. சவ்வுத் துண்டு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பி.வி.என்.எஸ். என்று நினைத்துக் காசநோய் மூட்டைச் சுரண்டினால், மருந்தில் ஆற வேண்டிய நோய் கத்திக்குப் போகிறது. காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால், கட்டி அதைப் பொருட்படுத்தாமல் பின்பக்கக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

பயாப்ஸியில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு, கேட்பதற்குச் சின்னது. எடுத்த துண்டு முழுவதையும் ஒரே ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஃபார்மலின் செல்லின் உருவத்தைக் காக்கும், கிருமியைக் கொன்றுவிடும். கொன்ற கிருமி வளராது. எந்த மருந்துக்குப் பணியும், எதற்குப் பணியாது என்ற சோதனையும் நடக்காது. துண்டைக் குறைந்தது இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று ஃபார்மலினில், நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு. மற்றது தூய உப்புநீரில், காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும், அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும். தென்னாப்பிரிக்கா 2011 முதல் ஜீன்எக்ஸ்பர்ட்டை நாடெங்கும் கொண்டுவந்தது. இயந்திரம் சில மணி நேரத்தில் விடை சொல்லும், வளர்ப்புக்கு ஆறு வாரம்வரை ஆகும். மூட்டு நீரைவிடச் சவ்வுத் துண்டில் கிருமி அகப்பட வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ.யில் சவ்வு எங்கே தடித்து ஒளிர்கிறதோ அங்கிருந்து எடுக்கும்படி மருத்துவருக்கு வழிகாட்டுவதும் அந்தப் படத்தின் வேலைதான்.

பி.வி.என்.எஸ். உறுதியானால் அறிக்கையில் அறுவை மருத்துவர் முதலில் தேடுவது பரப்பு. சிலுவைத் தசைநாருக்குப் பின்னே நோய் இருக்கிறதா? பேக்கர் பையில்? மூட்டுப் பையைத் தாண்டி வெளியே? பின்புறத் தமனி, நரம்புக்கு எத்தனை மில்லிமீட்டர் தொலைவில்? முன்பக்க உருண்டை ஒன்று மட்டும் என்றால் ஆர்த்ராஸ்கோபியில் எடுத்துவிடலாம். மூட்டு முழுவதும் என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் திறக்க நேரிடும், அப்போதும் திரும்பி வரும் வாய்ப்பு கணிசம். கத்திக்கு அடங்காதவற்றுக்குச் சிஎஸ்எஃப்1 அழைப்பை அடைக்கும் மாத்திரைகள் வந்துள்ளன. அமெரிக்க மருந்து ஆணையம் பெக்ஸிடார்ட்டினிப்பை 2019இலும் விம்செல்ட்டினிப்பை 2025இலும் அனுமதித்தது. முன்னதற்குக் கல்லீரல் பாதிப்பு எச்சரிக்கை கடுமையானது.

அறுவைக்குப்பின் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு அடிப்படை எம்.ஆர்.ஐ. எடுத்துவைத்தால்தான், பின்னாளில் தெரியும் கறுப்பு புதிதா பழைய தழும்பா என்று சொல்ல முடியும். அந்தப் படத்தின் சிடியை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். எந்த வலிமையுள்ள இயந்திரத்தில் எடுத்தது என்பதையும் உறைமேல் எழுதிவையுங்கள். 1.5 டெஸ்லாவில் எடுத்த பழைய படத்தை 3 டெஸ்லாவில் எடுத்த புதிய படத்தோடு ஒப்பிட்டால், துளியும் வளராத கறுப்புகூட வளர்ந்ததுபோல் தெரியும்.